யூராலஜி டாக்டர் யாரு, என்ன படிச்சவரு, எங்க கார்டு செல்லுமா: வாசல்லயே எழுதிப் போடுங்கய்யா

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும், எங்க தெக்கத்தி டவுன்கள்ல பிரைவேட் ஆஸ்பத்திரி நடத்துற நிர்வாகங்களுக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்களுக்கும் வணக்கம்.

நான் கோவில்பட்டி பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். டாக்டர் கிடையாது, பார்மசிஸ்ட். பங்குனி பொறந்தா போதும், இந்த கரிசல் வெயில்ல கிட்னி கல் கேஸ் வரிசையா வர ஆரம்பிச்சிரும். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற பொம்பளைங்க, அடிக்கடி எந்திரிச்சுப் போனா கூலி குறையும்னு நாள் பூரா தண்ணியே குடிக்காம இருந்துட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க, லாரி ஓட்டுறவங்களும் அப்படித்தான். வருஷம் பூராவும் வர்றது இன்னொரு கூட்டம், அறுபது தாண்டின பெரியவங்க, ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன், நின்னு நின்னு வருது, சொட்டு சொட்டா போகுதுன்னு குனிஞ்சு காதுல சொல்லிட்டுப் போவாங்க. இவங்க எல்லாரும் மாத்திரையோட சேத்து கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணாச்சி, இதுக்கு நல்ல டாக்டர் யாரு, அங்க நம்ம கார்டு எடுப்பாங்களா?"

இதுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளு நான் இல்ல, நீங்க. நீங்க சொல்லாததாலதான் ஜனங்க மெடிக்கல் ஷாப்லயும் ஆட்டோ ஸ்டாண்டுலயும் கேட்டுக்கிட்டு திரியுறாங்க. ஆட்டோக்காரருக்கு எந்த ஆஸ்பத்திரி கமிஷன் குடுக்குதோ அதுதான் நல்ல ஆஸ்பத்திரி, அது உங்களுக்கும் தெரியும்.

முதல்ல போர்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். "கிட்னி ஸ்பெஷலிஸ்ட் வருகை தருகிறார்"னு பெரிய எழுத்துல பிளக்ஸ் வைக்கிறீங்க. எந்த கிட்னி ஸ்பெஷலிஸ்ட்? நெஃப்ராலஜியா யூராலஜியா? ரத்த டெஸ்ட்ல கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ஏறிடுச்சு, சுகர்ல கிட்னி கெட்டுப்போச்சு, டயாலிசிஸ் வேணும்னா நெஃப்ராலஜிஸ்ட்ட போகணும், அவரு எம்.டி. மெடிசின் முடிச்சிட்டு டி.எம். பண்ணவரு, கத்தி எடுக்க மாட்டாரு. கல்லு, ஆம்பளைங்களுக்கு வயசானா வீங்கி மூத்திரத்தை அடைக்கிற ப்ராஸ்டேட் சுரப்பி, மூத்திரப் பாதை அடைப்பு, விதைப் பக்கம் வீக்கம், இதெல்லாம் யூராலஜிஸ்ட், அவரு சர்ஜன். இது உங்களுக்கு அ ஆ மாதிரி, ஆனா விளாத்திகுளத்துல இருந்து பஸ் ஏறி வர்ற பெரியவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தாத்தா ப்ராஸ்டேட்டுக்கு நெஃப்ராலஜிஸ்ட்ட டோக்கன் போட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்காரு, ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். அந்த டாக்டர் நல்ல மனுசன், ஃபீஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டு யூராலஜிக்குப் போங்கய்யான்னு எழுதிக் குடுத்தாராம். பஸ் காசும் ஒரு நாளும் போனது போனதுதான்.

அடுத்து படிப்பு. எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி மூணு வருஷம், அதுக்கு மேல எம்.சிஎச். யூராலஜி மூணு வருஷம், இல்லன்னா அதுக்குச் சமமா டி.என்.பி. யூராலஜி, இப்போ அதை டிஆர்.என்.பி.ன்னு சொல்றாங்க. இத்தனை வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்ச மனுசன் அதை மறைக்க மாட்டாரு. ஆனா பிளக்ஸ் அடிக்கிற உங்க ஆளுங்க பேருக்குப் பின்னாடி ஒரு முழம் எழுத்து போடுறாங்க பாருங்க, எது பட்டம், எது மூணு நாள் வொர்க்ஷாப் சர்ட்டிபிகேட், எது சங்கத்துல சந்தா கட்டினதுக்குக் குடுத்த எழுத்துன்னு பிரிச்சுப் பாக்க எனக்கே கஷ்டமா இருக்கு. ஜெனரல் சர்ஜன் கல்லு ஆபரேஷன் பண்ணவே கூடாதுன்னு நான் சொல்ல வரல, அந்தக் காலத்துல எங்க பக்கம் எல்லா ஆபரேஷனும் அவங்கதான் பண்ணாங்க, இன்னிக்கும் கை சுத்தமா செய்யுறவங்க இருக்காங்க. ஆனா எம்.எஸ். முடிச்சவரை "யூராலஜி நிபுணர்"னு போட்டு உக்கார வைக்கிறது வேற விஷயம். ஸ்பெஷல் படிப்பு இல்லாம ஸ்பெஷலிஸ்ட்னு சொல்லிக்கக் கூடாதுன்னு 2002ல வந்த மருத்துவ ஒழுக்க விதிமுறைகள்லயே இருக்கு.

அதே விதிமுறைல இன்னொன்னும் இருக்கு. டாக்டரோட பதிவு எண் கிளினிக்ல தெரியுற மாதிரி வைக்கணும், எழுதுற சீட்டு, சர்ட்டிபிகேட், காசு வாங்குற ரசீது எல்லாத்துலயும் போடணும். ஃபீஸ் எவ்வளவுங்கறதையும் எழுதி வைக்கணும். இது எவ்வளவு நடக்குதுன்னு என்னைக் கேளுங்க, தினமும் சீட்டு என் கைக்குத்தான் வருது. கவர்மென்ட் சீட்டு வேற கதை. பிரைவேட்ல, சொந்த கிளினிக் வச்சிருக்கவங்க பெரும்பாலும் ஒழுங்கா அச்சடிச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி லெட்டர் பேட்ல வர்ற சீட்டுதான் மோசம், மேல ஆஸ்பத்திரி பேரு, லோகோ, ஆம்புலன்ஸ் நம்பர் எல்லாம் இருக்கும், கீழ ஒரு கிறுக்கல், யாரு எழுதினதுன்னே தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் மதுரைல இருந்து வர்ற டாக்டர்னா கேக்கவே வேணாம், நம்பரும் கிடையாது சீலும் கிடையாது. ப்ராஸ்டேட்டுக்குக் குடுக்குற டாம்சுலோசின் மாத்திரை எழுதியிருக்கு, அதுவும் பிரஷரை இறக்கும், பெரியவரு ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரு, எந்திரிக்கும்போது தலை சுத்தி விழுந்துருவாரோன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்னா யாருக்கு போன் போட?

கவுன்சில் ஐயாமாரே, இப்போ உங்கட்ட வர்றேன். டாக்டர் பேரையோ பதிவு எண்ணையோ வச்சு டில்லில தேசிய மருத்துவ ஆணையத்தோட பதிவேட்டுல தேடிப் பாக்கலாம், எந்த மாநில கவுன்சில், எந்த வருஷம் பதிஞ்சாருன்னு வரும். 2024 ஆகஸ்ட்ல ஆதாரோட சேத்து புதுசா தேசிய மருத்துவப் பதிவேடுன்னு ஒன்னும் ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான், நான் கடைக்கு வர்ற பசங்களுக்கு எப்படிப் பாக்குறதுன்னு போன்ல காட்டிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சிக்கல் எங்கன்னா, பேரு வரும், எம்.பி.பி.எஸ். காட்டும், பல பேருக்கு அதுக்கு மேல படிச்சது ஏறியே இருக்காது. பாக்குறவன் என்ன நினைப்பான்? இவரு எம்.சிஎச். போட்டிருக்காரு, கவர்மென்ட் லிஸ்ட்ல எம்.பி.பி.எஸ்.தான் இருக்கு, அப்போ டூப்ளிகேட் போலன்னு நல்ல டாக்டரைச் சந்தேகப்படுவான். நிஜமாவே பொய் சொல்ற ஆளும் அதே ஓட்டைல புகுந்து தப்பிச்சுப்பான், "ஆன்லைன்ல அப்டேட் ஆகல"ன்னு ஒரு வார்த்தை போதும். ஸ்பெஷலிஸ்ட்டுன்னு போர்டு போடணும்னா மேல்படிப்பை உங்கட்ட பதிஞ்சிருக்கணும், அது வெளிய தெரியணும், அதுக்கு ஒரு கெடு வைங்க. இன்னொன்னு, பேரு தெரிஞ்சாத்தான் தேட முடியும்னா பேரே தெரியாதவன் என்ன செய்வான்? தூத்துக்குடி மாவட்டம், யூராலஜின்னு ரெண்டை அமுக்கினா பதிஞ்ச டாக்டருங்க லிஸ்ட் தமிழ்ல வர்ற மாதிரி பண்ணுங்க. உங்கட்ட இல்லாத தகவலா அது?

இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நீங்க காட்டாத இடத்தை வேற ஆளுங்க நிரப்பிக்கிட்டு இருக்காங்க. பஸ் ஸ்டாண்ட் கட்டண கழிப்பறைச் செவத்துல இருந்து போன்ல ஓடுற வீடியோ வரைக்கும், ஏழே நாள்ல கல்லைக் கரைக்கிறோம், ப்ராஸ்டேட்டை ஆபரேஷன் இல்லாம சுருக்குறோம்னு விளம்பரம். கிட்னி கல்லும் ப்ராஸ்டேட் கோளாறும் 1954ம் வருஷத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தோட பட்டியல்ல இருக்கிற நோய்ங்க, குணமாக்குறேன்னு மருந்துக்கு விளம்பரமே பண்ணக் கூடாது. பதிவே இல்லாம வைத்தியம் பாத்தா தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். சட்டம் சட்டமா இருக்கு, செவத்துல போஸ்டர் போஸ்டரா இருக்கு. சின்ன கல்லு, ஒரு 5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் தானாவே வெளிய வந்துரும், அந்தப் பேரை அந்த லேகியக்காரன் வாங்கிக்கிட்டுப் போயிருவான்.

சரி, கார்டு விஷயத்துக்கு வரேன், எனக்கு வயித்தெரிச்சல் அதிகம் இங்கதான்.

எங்க ஊர்ல ஒரு தெருவுல நாலு விதமான கார்டு இருக்கும். கூலி வேலைக்காரங்கட்ட முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ளன்னு வி.ஏ.ஓ. சர்ட்டிபிகேட் வாங்கி கலெக்டர் ஆபீஸ்ல போட்டோ எடுத்து வாங்கினது, குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வாத்தியார் வீட்டுல கவர்மென்ட் ஸ்டாஃப் இன்சூரன்ஸ், சம்பளத்துல பிடிக்கிறது. மில்லு, கம்பெனில 21,000க்குள்ள சம்பளம் வாங்குறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ. சென்னைல பையன் ஐ.டி.ல இருந்தா அப்பா அம்மாவுக்கு ஒரு பிரைவேட் பாலிசி. நாலுக்கும் ஆஸ்பத்திரி லிஸ்ட் வேற வேற, விதிமுறை வேற வேற. நீங்க வாசல்ல எழுதி வைக்கிறது என்ன? "அனைத்து இன்சூரன்ஸும் ஏற்றுக்கொள்ளப்படும்." அனைத்துன்னா எதுய்யா?

முதலமைச்சர் காப்பீட்டுல ஆஸ்பத்திரிக்கு அனுமதி குடுக்குறது டிபார்ட்மென்ட் வாரியா. எலும்பு ஆபரேஷனுக்கு லிஸ்ட்ல இருக்கிற ஆஸ்பத்திரி யூராலஜிக்கு இல்லாம இருக்கலாம். வாசல்ல முதல்வர் போட்டோவோட போர்டு இருக்கும், ஸ்கேன் எடுத்து, ரத்தம் குடுத்து, அட்மிஷன் போடுற நேரத்துல "இதுக்கு வராதும்மா, கேஷ் கட்டணும்"னு சொன்னா அந்த அம்மா அங்கேயே தாலிச்செயினைத் தொட்டுப் பாக்கும், இது நான் மிகைப்படுத்திச் சொல்றது இல்ல. போர்டு வைக்கிற உங்களுக்கு அதுக்குக் கீழ "இந்தத் திட்டத்தில் யூராலஜி உண்டு" இல்லன்னா "கிடையாது"ன்னு ஒரு வரி சேக்க என்ன செலவு ஆகும்? ஈ.எஸ்.ஐ.காரங்கட்டயும் அப்படியே, டிஸ்பென்சரில ரெஃபரல் எழுதி வாங்காம நேரா வந்தா செல்லாதுன்னு வாசல்லயே சொல்லிட்டா அவங்க பாட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துருவாங்க.

பிரைவேட் பாலிசி இன்னும் கூத்து. இன்சூரன்ஸ்காரங்களே, பாலிசி விக்கும்போது உங்க ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்"ம்பாரு. கல்லு, ப்ராஸ்டேட், ஹெர்னியா, விரைவீக்கம் இதுக்கெல்லாம் பெரும்பாலான பாலிசில மொத ரெண்டு வருஷம் கிடையாதுங்கறதை யாரும் வாயைத் திறந்து சொல்றது இல்ல. பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே இருந்த நோய்னா மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கணும், முன்ன நாலு வருஷமா இருந்ததை 2024ல குறைச்சாங்க. ப்ராஸ்டேட்டுக்கு லேசர்னா நவீன சிகிச்சைன்னு ஒரு தனி உச்சவரம்பு வச்சிருப்பீங்க, அதுவும் எங்கயோ உள்ள ஒரு பக்கத்துல பொடி எழுத்துல. அறுபத்தஞ்சு வயசுப் பெரியவருக்கு முன்ன மாதிரி மூத்திரப் பாதை வழியா கருவி விட்டுச் சுரண்டி எடுக்குற டி.யு.ஆர்.பி.யா இல்ல லேசரான்னு டாக்டர் கேக்குறப்போ, கூட வந்த மகனுக்கு எது எவ்வளவு கிடைக்கும்னு தெரியாம முழிக்கிறான். நீங்க பணம் தர மாட்டோம்னு ஒதுக்கி வச்ச ஆஸ்பத்திரி லிஸ்ட்னு வேற ஒன்னு இருக்கு, எமர்ஜென்சி தவிர அங்க போனா க்ளெய்ம் கிடையாது. அந்த லிஸ்ட் உங்க வெப்சைட்ல மூலைல கிடக்கு. வருஷா வருஷம் ரினியூவல் மெசேஜ் அனுப்புறீங்கள்ல, அதே நம்பருக்கு அதையும் அனுப்புனா என்ன?

ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இதுல ஒரு தனி வேண்டுகோள். அட்மிஷன்ல ட்யூட்டி டாக்டர் எத்தனை நாளா இருக்குன்னு கேப்பாரு, நம்ம ஆளு "அது ஆச்சு சார், ஒரு மூணு வருஷம் இருக்கும்"னு வாய்க்கு வந்ததைச் சொல்வாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ சூட்டுல நீர்க்கடுப்பு வந்திருக்கும், அதைச் சொல்றாரு. அது அப்படியே கேஸ் ஷீட்ல ஏறிரும், பாலிசி எடுத்து ரெண்டரை வருஷம்தான் ஆகியிருக்கும், முன்னாடியே இருந்த நோய்னு க்ளெய்ம் காலி. பொய்யா எழுதச் சொல்லல. என்ன இருந்துச்சு, எப்போ ஸ்கேன் எடுத்தாங்க, எப்போ டாக்டரைப் பாத்தாங்கன்னு நிதானமா கேட்டு உள்ளதை எழுதுங்க, அவ்வளவுதான்.

பேஷன்ட் கட்டாம இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டுற கேஷ்லெஸ், அதுக்கு ஆகுற நேரம் பத்தி உங்க ரெண்டு தரப்பும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுறதுதான் வேடிக்கை. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாசம் போட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் அனுமதி ஒரு மணி நேரத்துல சொல்லணும், டிஸ்சார்ஜ் அனுமதி மூணு மணி நேரத்துல. தாமதத்தால கூடுதலா ஆகுற ஆஸ்பத்திரி செலவு இன்சூரன்ஸ்காரங்க தலைல. அதே வருஷம் ஜனவரில லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரிலயும் கேஷ்லெஸ்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளோட ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் அறிவிச்சாங்க, முன்கூட்டியே தேதி குறிச்ச ஆபரேஷன்னா 48 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும், எமர்ஜென்சின்னா சேந்து 48 மணி நேரத்துக்குள்ள. இதுக்கு ஆஸ்பத்திரி சம்மதிக்கணும். எங்க பக்கம் எந்த ஆஸ்பத்திரி சம்மதிக்குதுன்னு கேட்டா டெஸ்க்ல இருக்கவங்களுக்கு அப்படி ஒன்னு இருக்கிறதே தெரியல. அப்புறம் இந்த டாக்டர் டிஃபரன்ஸ். பேக்கேஜ் ரேட்டுக்கு இன்சூரன்ஸ்காரன்ட்ட கையெழுத்துப் போட்டுட்டு, "டாக்டருக்கு இந்த ரேட்டு கட்டுப்படியாகாதுங்க"ன்னு பேஷன்ட்ட தனியா பில்லு இல்லாம கேஷ் கேக்குறது. கட்டுப்படியாகலன்னா கம்பெனியோட பேசுங்க, இல்ல அந்தக் கார்டு எடுக்கலன்னு நேரா சொல்லுங்க. ட்யூப் மாட்டிப் படுத்திருக்கவன்ட்ட பேரம் பேசாதீங்க.

வந்துபோற டாக்டருங்க பத்தியும் சொல்லியாகணும். எங்களுக்கு அவங்க வர்றது வரம்தான், இல்லன்னா பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ ஓடணும். ஆனா லேசர்ல கல்லை உடைச்சிட்டு உள்ள டி.ஜே. ஸ்டென்ட்னு கிட்னில இருந்து மூத்திரப் பை வரைக்கும் ஒரு சின்னக் குழாய் வச்சு அனுப்புறாங்கள்ல, அது சில வாரத்துல எடுத்தே ஆகணும், விட்டா அதும்மேலயே உப்பு படிஞ்சு புதுசா கல்லு கட்டிக்கும், அப்புறம் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். டாக்டர் இடையில அந்த ஆஸ்பத்திரிக்கு வர்றதை நிப்பாட்டிட்டா யாரு எடுக்குறது? வலி போயிருச்சுன்னு பேஷன்ட்டும் மறந்துருவான். டிஸ்சார்ஜ் சம்மரில முத வரிலயே ஸ்டென்ட் இருக்கு, இந்தத் தேதிக்குள்ள எடுக்கணும், எடுக்குற செலவு பேக்கேஜ்ல சேந்ததா இல்லையான்னு தமிழ்ல எழுதுங்க, தேதிக்கு போன் பண்ணுங்க. டாக்டர் ஆஸ்பத்திரி மாறினா எங்க இருக்காருன்னு சொல்லுங்க, உங்க தொழில் ரகசியம் ஒன்னும் போயிராது.

பொம்பளைங்க நிலைமையை யாராவது யோசிச்சிருக்கீங்களான்னு தெரியல. திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு, இருமினா தும்மினா சொட்டுறது, இதுக்கு யூராலஜி டாக்டர்ட்ட போகலாம்னே பல பேருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் ஆம்பள டாக்டர்னு போறது இல்ல. லேடி யூராலஜிஸ்ட் எங்க பக்கம் அபூர்வம், அதுக்கு இன்னிக்கே வழி கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனா ரிசப்ஷன்ல நாப்பது பேரு உக்காந்திருக்க ஹால்ல "என்னம்மா பிரச்சனை, மூத்திரம் போறதா?"ன்னு சத்தமா கேக்குறதை நிறுத்துறதுக்குப் படிப்பு வேணுமா, பட்ஜெட் வேணுமா? ஒரு சீட்டுல எழுதி வாங்குங்க, இல்ல ஓரமா கூப்பிட்டு நர்ஸை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. பரிசோதனைல கூட ஒரு நர்ஸ் நிப்பாங்கன்னு போன்லயே சொல்லிட்டா பாதிப் பேரு தைரியமா வருவாங்க.

இதைப் படிக்கிற ஊர்க்காரங்களுக்கு நடுவுல ஒன்னு, ஏன்னா இதுல விளையாடக் கூடாது. கல்லு வலியோட குளிர்க்காய்ச்சல், மூத்திரமே வராம நின்னு போறது, பையங்களுக்குத் திடீர்னு ஒரு பக்கம் விதைல கடும் வலி, இந்த மூணுக்கும் டாக்டர் படிப்பும் கார்டும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. விதை முறுக்கிக்கிட்டா ஆறு மணி நேரத்துக்குள்ள சரி பண்ணாத்தான் காப்பாத்த நல்ல வாய்ப்பு. 108க்கு அடிச்சு பக்கத்துல இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ்லயும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிலயும் யூராலஜி டிபார்ட்மென்ட் இருக்கு. சாவகாசமான விஷயத்துக்கும் அங்க போகலாம், கூட்டம் இருக்கும், ஆனா டாக்டர் படிப்பைப் பத்தி சந்தேகப்பட வேண்டியது இல்ல. எங்க போறதுன்னு தெரியலன்னா 104ல கேளுங்க.

திரும்பவும் உங்கட்ட. பெருசா ஒன்னும் கேக்கல. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு போர்டு, அதுல யூராலஜி டாக்டர் பேரு, பட்டம், பதிவு எண், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர்றாரு, ஃபீஸ் எவ்வளவு, யூராலஜிக்கு எந்தெந்தக் கார்டு இன்னிக்குத் தேதிக்குச் செல்லும். மாசம் ஒரு தடவ மாத்தி எழுதுங்க. போன்ல கேட்டா ரிசப்ஷன்ல இதையே படிச்சுச் சொல்லட்டும், "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்"னு சொல்றதை விட்டுருங்க, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்து போன் பண்றவன் நேர்ல வரணுமா வேணாமான்னு தெரிஞ்சுக்கத்தான் போனே பண்றான். கவுன்சில் இதைச் சுற்றறிக்கையாவே அனுப்பலாம், பாதி ஏற்கனவே விதிமுறைல இருக்கிறதுதான்.

எழுதி வைக்கிற மொத ஆஸ்பத்திரி அந்த போர்டை ஒரு போட்டோ எடுத்து எங்க கடைக்குக் குடுத்து விடுங்க. காசு வாங்காம கண்ணாடில ஒட்டி வைக்கிறேன், கேக்குறவங்களுக்கு அதைக் கை காட்டிட்டு நான் என் மாத்திரை வியாபாரத்தைப் பாத்துக்கிறேன்.

இப்படிக்கு,
கோவில்பட்டி பக்கத்து மெடிக்கல் ஷாப்காரன்